ஒரு நாளும் சாத்தாத கதவு

ரோமாபுரியில் ஜானஸுக்குக் கோயில் கட்டியிருந்த காலத்தில் நடந்தது இது. ஜானஸ் வாசல்களின் தெய்வம். முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம். ஒரு முகம் சொல்வதை மற்றது ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை.

அந்தக் கோயிலுக்கு ஒரு விநோத வழக்கம். ஊர் சண்டையில் இருக்கும்வரை அதன் கதவு திறந்தே கிடக்க வேண்டும். சண்டை ஓய்ந்தால், போர்த்தெய்வமான மார்ஸ் களைத்துப் போய் வந்து உள்ளே படுப்பார். அன்று பொழுது சாய்வதற்குள் கதவைச் சாத்தி, வெளியே தாழ் போட்டுவிட வேண்டும். தவறினால் அவர் கண் விழித்து மறுபடி கிளம்பிவிடுவார். ஊருக்கு மறுபடி சண்டைதான்.

ஆனால் சண்டை ஓய்ந்தால்தானே! ஒன்று முடிவதற்குள் அடுத்தது முளைத்துவிடும். முப்பத்தோரு வருஷமாகக் கதவை மூடவே இல்லை. அதிலிருந்த இரும்புத் தாழ்ப்பாள் பிறந்ததிலிருந்து ஓர் அங்குலம்கூட நகர்ந்ததில்லை.

படையோடு போகும் வாள்களுக்கு அதைக் கண்டால் இளக்காரம்.

"என்னண்ணே, சௌக்கியமா? நீங்க ஒரு தடவை அசையறதுக்குள்ள எங்க பேரப்புள்ளைங்களே சண்டைக்குப் போயிடும்போல!"

"பத்திரமா போயிட்டு வாங்கப்பா" என்று மட்டும் சொல்லும் தாழ்ப்பாள்.

போன வாள்களில் பல திரும்பியதில்லை. அவற்றைப் பிடித்திருந்த கைகளும் திரும்பியதில்லை. தாழ்ப்பாள் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நகர்ந்தால் போதும் என்று அது ஏங்கிக் கிடந்தது.

கடைசியில் ஒரு நாள், யாருமே எதிர்பார்க்காதபடி, உண்மையாகவே சண்டை நின்றுவிட்டது! மத்தியானத்துக்குள் படை ஊர் திரும்பியது. மார்ஸ் வந்தார், உள்ளே போய் விழுந்தார், குறட்டை விட ஆரம்பித்தார். ஊர் முழுக்கக் கோயில் வாசலில் கூடிவிட்டது.

பூசாரிகள் கதவைத் தள்ளினார்கள். கீல்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. பிறகு தலைமைப் பூசாரி தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. இன்னும் நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். ஊஹும்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு சண்டை தொடங்கும்போதும் கீல்களுக்கு மட்டும் எண்ணெய்க் காப்பு நடக்கும். கதவைத் திறக்க நூற்றெட்டுச் சடங்கு எழுதிவைத்த புத்திசாலிகள், மூடுவதற்கு ஒன்றுகூட எழுதிவைக்கவில்லை.

தாழ்ப்பாளின் மேல் தடிமனாகப் படிந்திருந்த துரு சிணுங்கியது. "முப்பது வருஷமா யாரு உன்னைத் திரும்பிப் பார்த்தா? நான் மட்டும்தானே கட்டிப் பிடிச்சுக் கிடந்தேன். இப்ப என்னை உதறிட்டுப் போகணுமா? கழண்டா உன் தோலோடதான் கழலுவேன், பார்த்துக்க."

"தோலோடவே போ" என்றது தாழ்ப்பாள்.

வீம்பு இருந்து என்ன, வழுக்க வேண்டுமே. கோயில் எண்ணெயோ அன்று காலை விளக்குகளுக்கே தீர்ந்துபோயிருந்தது. வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. உள்ளே குறட்டைச் சத்தம் குறைந்தது.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் ரூஃபில்லா. கோயில் வாசலில் தேன் பணியாரம் சுட்டு விற்கிறவள். அவளுடைய இரண்டு மகன்களும் அன்றுதான் முழுசாக வீடு திரும்பியிருந்தார்கள். கையில் பணியாரச் சட்டி. அதில் வெதுவெதுப்பாக எண்ணெய்.

"நகருங்க சாமி!"

தலைமைப் பூசாரி பதறினார். "பலகாரம் சுட்ட எண்ணெயா? அபசாரம்! தெய்வத்தைக் கேட்காம எதுவும் நடக்கக் கூடாது!"

வாசலில் நின்ற ஜானஸைக் கேட்டார்கள். "ஆகாது" என்றது முன்முகம். "ஆகட்டும்" என்றது பின்முகம். ரூஃபில்லா பின்முகத்தின் பக்கம் நின்றிருந்தாள். அவளுக்கு அது போதும்.

சட்டியைக் கவிழ்த்தாள்.

தாழ்ப்பாளுக்கு உடம்பெல்லாம் சூடு பரவியது. இப்படி ஒரு சுகத்தை அது அறிந்ததே இல்லை. மகன்கள் இருவரும் இழுத்தார்கள்; தாழ்ப்பாளும் பல்லைக் கடித்துக்கொண்டு தன்னைத் தானே உந்தியது. துரு செதில் செதிலாகப் பிய்ந்தது. வலி உயிர் போயிற்று. கத்திக்கொண்டே நகர்ந்தது, இன்னும் நகர்ந்தது, சடக்கென்று கொண்டியில் போய் விழுந்தது. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கினான்.

ஊர் போட்ட கூச்சலில் மார்ஸ் விழித்துக்கொண்டார்.

"எவண்டா பூட்டினது?" உள்ளேயிருந்து உறுமல் வந்தது. "ஒரு சாண் இரும்பு நீ! கோட்டைக் கதவுகளையே எட்டி உதைச்சுத் திறந்தவன் நான். எத்தனை நேரம் தாங்குவே?"

தாழ்ப்பாளுக்கு உதறலெடுத்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே எடுத்தது. அந்த நேரம் பார்த்துக் கதவின் மேல் வெதுவெதுப்பாக என்னவோ பட்டது. பணியாரம் தின்ன இடம் தேடிய ஜனங்கள் கதவிலேயே முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் திரும்பிய சிப்பாய்கள், அவர்களுடைய பெண்டாட்டிகள், மடியில் குழந்தைகள். அவர்கள் சிரிக்கச் சிரிக்கக் கதவு குலுங்கியது. தாழ்ப்பாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, நீங்க உதைச்சுத் திறந்ததெல்லாம் ஜனங்க பயந்து சாத்தின கதவு" என்றது அது. "இது சந்தோஷமா சாத்தின கதவு. உதைச்சுத்தான் பாருங்களேன்!"