ஏற்றக் குடுக்கை

மழையைப் பேச்சில் மட்டுமே அறிந்த பாலை நாடு அது. அங்கே செங்குத்தான ஒரு பள்ளத்தாக்கு. மேலே விளிம்பில் ஒரு மடம், அடியில் நூல் போல ஓர் ஆறு. இடையில் ஓர் ஆடு போகிற அகலத்துக்குப் பாதை.

மடத்துச் சீடன் ஆண்டியப்பன் தலை நரைத்தவன். மனைவி மூக்காயி கண்ணை மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் சாம்பலை ஆற்றில் கரைக்க வேண்டும். குருவின் முன்னால் போய் நின்றான். எல்லாரும் ‘அம்மை’ என்று கூப்பிடும் அந்தக் குரு அவனைவிட இளையவள். ஒரு கால் மடங்காது.

“அம்மை, நாளைக்கு ஆத்துக்கு இறங்குறேன். பத்திரமாப் போக வழி சொல்லுங்க.”

“நீ என்ன யோசிச்சிருக்கே?”

“விடியுமுன்னே கிளம்பிடுவேன். இளவெயிலுக்குள்ள குடைப்பாறை. உச்சி வெயிலுக்கு முன்னாடி ஆறு.”

“கெட்டிக்காரன். அப்புறம்?”

“அப்புறம்... அவ்வளவுதான்.”

“தலைக்கு?”

“மூக்காயி சேலை.”

“தண்ணிக்கு?”

“ஒரு குடுக்கை.”

அம்மை அவனையே பார்த்தாள். ஆற்று நீர் உவர்ப்பு, வாயில் வைக்க முடியாது. அதனால் இறங்குகிற யாரும் இரண்டு சுரைக்குடுக்கை கொண்டுபோவார்கள். ஒன்றைப் பாதி வழியில், குடைப்பாறை நிழலில் வைத்துவிட்டுப் போவார்கள். ஏறி வரும்போது குடிக்க.

“ஏற்றக் குடுக்கை எங்கே, ஆண்டி?”

“மறந்துட்டேன், அம்மை.”

மடத்துக் குடுக்கைகளுக்கெல்லாம் கயிறு திரித்துக் கட்டியவனே அவன்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

“மறதிதான்” என்றாள் அம்மை. மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் சாம்பல் கலயத்தோடு வாசலுக்கு வந்தான். அங்கே அம்மை நின்றாள், தோளில் ஒரு குடுக்கையோடு.

“எங்கே, அம்மை?”

“குடைப்பாறை வரைக்கும்.”

“இந்தக் காலோடவா?”

“கழட்டி வெச்சுட்டு வரலாம்னு பார்த்தேன், முடியலை.”

இறங்கினார்கள். செங்குத்து வந்த இடத்தில் அம்மை உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தாள். சேலையெல்லாம் செம்மண்.

“மூக்காயி பார்த்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா” என்றான் அவன். சொன்ன பிறகுதான் தன் முகத்திலும் சிரிப்பு இருப்பது தெரிந்தது. உடனே கண் கலங்கிவிட்டது.

அம்மை கையை நீட்டினாள். பிடித்து இறக்கிவிட்டான்.

குடைப்பாறை வந்தது. அம்மை நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். குடுக்கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அதை இங்கே வெச்சுட்டு நீங்க திரும்புங்க, அம்மை. வெயில் வந்துடும்.”

“எப்படித் திரும்ப? இறங்கின லட்சணத்தைப் பார்த்தேல்ல. ஏற எனக்கு ஒரு தோள் வேணும்.”

“யாரையாச்சும் கூட்டிட்டு வந்திருக்கலாமே! ஒருவேளை நான் வர...”

சாம்பல் கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டான்.

அம்மை குடுக்கையின் அடைப்பைத் திறந்து உள்ளே பார்த்தாள். திரும்ப மூடினாள்.

“ரெண்டு பேருக்கும் போதும். மூக்காயியை நிதானமா வழியனுப்பு. உச்சிப் பொழுதுக்கு ஆத்தோர நிழல்ல படுத்துக்கோ. வெயில் சாஞ்சதும் வா. அதுவரைக்கும் நான் குடிக்காம இருக்கேன்.”