ஒரே வாளித் தண்ணீர்

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது.

கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற சிதம்பரதாணு, கடல் தரவு மையத்தில் பகவதியிடம் வேலை பழக வந்த நாளிலிருந்து அவரைக் "குருவே" என்றுதான் அழைத்தார். "அய்யோ, வேண்டாம் சார், கூச்சமா இருக்கு" என்று பகவதி எவ்வளவோ மன்றாடினார். மனிதர் கேட்டால்தானே!

வேலை இதுதான். அந்த வளைகுடாவைச் சுற்றி ஏகப்பட்ட ஆய்வு நிலையங்கள். எல்லாரும் கடல்நீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். ஆளுக்கொரு பெயரில் எழுதிவைக்கிறார்கள். அத்தனை அளவுகளையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டுமானால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சொற்தொகுப்பு வேண்டும். எந்த அளவு எந்தப் பெயரின் கீழ் வரும் என்று பிரித்துவைக்கும் பொறுப்பு தாணுவுக்கு.

ஒரு பொருளுக்கு ஒரு பெயர். அதற்கு மேல் அரைப் பெயர்கூடக் கூடாது. இதுதான் அவர் கொள்கை. களை பறிப்பதுபோல் பெயர்களைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே வந்தார். அதில் ஒரு குஷி.

பாஸ்பரஸில் வந்து மாட்டிக்கொண்டார்.

ஆற்று முகத்துவாரத்து நிலையத்தில் செசிலி அளந்த எண்கள் எப்போதும் எகிறி நின்றன. பக்கத்து நிலையத்துக் காதர் மைதீனின் எண்கள் தணிந்தே கிடந்தன. சந்தேகம் தீரட்டும் என்று இருவரையும் ஒரே படகில் அனுப்பி, ஒரே வாளியில் மொண்ட தண்ணீரை ஆளுக்குப் பாதி கொடுத்து அளக்கச் சொன்னார். அப்போதும் அதே கதை.

காதரின் எண்கள் மற்ற நிலையங்களோடு ஒத்துப்போயின. அப்படியென்றால் செசிலியுடையது பிழை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் அளந்த பாஸ்பரஸ் அத்தனையும் வெளியே. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டத்தில் அறிவித்துவிட வேண்டியதுதான் என்று தாணு முடிவு கட்டினார்.

அதற்குள் சேதி எட்டி, செசிலி நேரே வந்து நின்றார்.

"என் வயசெல்லாம் அந்தத் தண்ணியிலதான் சார் போச்சு. ஒரு எண்ணைக் கூட்டி எழுதினது கிடையாது. என்னைப் பொய்க்காரி ஆக்கிறாதீங்க."

பின்னாலேயே வந்த காதர் மைதீனுக்கும் முகம் சரியில்லை. "அக்கா பொய் எழுதுற ஆள் இல்ல சார். ஆனா நான் அளந்ததும் தப்பு இல்லியே."

தாணுவுக்கு மனசு கேட்கவில்லை. குருவைத் தேடிப் போனார்.

"குருவே, ரெண்டுல எது உண்மை?"

"பசிக்குது சார். பந்தி போட்டாச்சாம், வாங்க."

சொற்தொகுப்பு முடியப்போகிற சந்தோஷத்தில் அன்றைக்கு எல்லா நிலையத்தாருக்கும் இலைபோட்டுச் சாப்பாடு. யாரோ விவரம் தெரியாமல் செசிலியையும் காதரையும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரவைத்திருந்தார்கள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிட்டார்கள். சாம்பார் முடிந்ததும் பகவதி ரசவாளியைத் தூக்கித் தாணுவின் கையில் கொடுத்துவிட்டு எதிர் இலையில் போய் உட்கார்ந்தார்.

"நீங்க பரிமாறுங்க சார்."

காதர் சோற்றில் குழி பறித்தார். "மேலாப்புல தெளிவா ஊத்துங்க சார்."

அப்படியே ஊற்றினார் தாணு.

செசிலி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு அடியோட கலக்கி ஊத்துங்க."

கலக்கி ஊற்றினார்.

"என்ன ரசம் சார் அது?" என்றார் பகவதி.

"பருப்பு ரசம், குருவே."

"ரெண்டு பேருக்குமா?"

"ஒரே வாளிதானே!"

"செசிலி இலையில பருப்பு கிடக்கு. காதர் இலையில காணோம். யாருக்குத் தப்பா ஊத்துனீங்க?"

"தப்பா ஒண்ணும் ஊத்தலியே. அவர் தெளிவா கேட்டார், இவங்க கலக்கி..."

கரண்டி அந்தரத்தில் நின்றது. தாணு மெதுவாகத் திரும்பினார்.

"செசிலியம்மா, அளக்கிறதுக்கு முன்னால தண்ணிய வடிகட்டுவீங்களா?"

"எதுக்கு வடிகட்டணும்? ஆறு கொண்டாந்து தள்ளுற வண்டலும் சேர்ந்ததுதானே எங்க கடல்? அப்படியே எடுத்து அளப்பேன்."

காதர் மைதீனுக்குப் புரையேறிவிட்டது. "வடிகட்டாம யாராச்சும் அளப்பாங்களாக்கா?"

"வடிகட்டிட்டு யாராச்சும் அளப்பாங்களா தம்பி?"

பந்தியே கொல்லென்று சிரித்தது. அடக் கடவுளே! தான் செய்வதைத்தான் ஊர் உலகமே செய்கிறது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தாணுவும்தான் கேட்டாரா? தேதி கேட்டார், ஆழம் கேட்டார், கருவியின் பெயர் கேட்டார். இதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அடுத்த நொடி வாளியைத் தரையில் வைத்துவிட்டு, வயதை மறந்து ஒரு குதி குதித்தார்.

"குருவே! செசிலியம்மா எண்ணுலேர்ந்து காதர் எண்ணைக் கழிச்சா, வண்டல்ல ஒட்டிக்கிட்டு வர்ற பாஸ்பரஸ் எவ்வளவுன்னு வந்துருமே! அதை இந்தக் கரையில ஒருத்தரும் அளந்ததில்லையே! இதையா நான் தூக்கி எறியப் பார்த்தேன்!"

செசிலிக்குக் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு இலையை முன்னால் இழுத்தார்.

"சார், ரசம் இன்னும் கொஞ்சம். நல்லாக் கலக்கி."

"எனக்கும் இந்தத் தடவை கலக்கியே ஊத்துங்க சார்" என்றார் காதர் மைதீன். "அக்கா அளக்கிறது எப்படி இருக்குன்னு பார்ப்போம்."

தாணு இருவருக்கும் தாராளமாக ஊற்றினார். ஊற்றி முடித்ததும் அவர் முகம் லேசாக வாடியது. ஆசையாசையாய் வளர்த்த கொள்கை அல்லவா!

"ஆனா குருவே, வடிகட்டினது, வடிகட்டாதது, வண்டல்ல ஒட்டினதுன்னு பாஸ்பரஸ் ஒண்ணுக்கே மூணு பெயர் ஆயிப்போச்சே. நாளைக்கு இன்னொருத்தர் வந்து, நான் வேற மாதிரி அளந்தேன்னு நின்னா என்ன செய்யறது?"

பகவதி மோர்ச் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"இன்னொரு இலை போடுங்க சார். அதுக்காக உட்கார்ந்து சாப்பிடுறவங்களை எழுப்பிவிடாதீங்க."