தூரத்தை ஒழித்த மன்றம்

போன லெந்து தவக்காலத்தில், ஜெபக்கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது எஸ்தர் ரோஸ் அக்காதான் இதை எனக்கு முதலில் சொன்னாள்.

கட்டைப்பனையூரில் ஆண்கள் நற்பணி மன்றம் என்று ஒன்று. தலைவர் பொன்னுதுரை, செயலாளர் அருமைநாயகம், பொருளாளர் தங்கப்பழம். கர்த்தர் மூன்று பேருக்கும் மீசையைத் தாராளமாகவே கொடுத்திருந்தார். அதோடு கை ஓய்ந்துவிட்டது போல.

ஸ்டெல்லா டீச்சர் அவர்களிடம் போனாள். மாதவிலக்கை நம் பக்கத்துப் பெண்கள் சொல்கிற வார்த்தையில்தான் சொன்னாள்: "எட்டாங் கிளாஸ் பவுன்கனி மாசத்துல மூணு நாள் தூரம். நாப்கின் வாங்க வீட்ல வழியில்ல, பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேங்கா. திங்கக்கிழமை முழுப்பரீட்சை. இப்படி எத்தனையோ பிள்ளைய. ஊர் அறியுத மாதிரி ஏதாவது செய்யுங்க."

மன்றம் கூடியது.

"அவ வீடு பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்லல்லா இருக்கு. எப்படிவே தூரம்?" என்றார் அருமைநாயகம்.

தலைவர் யோசித்தார். "மூணு நாள் மட்டும் தூரமாகும். கடல் உள்வாங்குதுல்லா, அப்படி வீடும் உள்வாங்கும்."

"நாப்கின் எதுக்கு?"

"அம்புட்டு தூரம் நடந்தா வேர்க்காதா? மூஞ்சி தொடைக்க."

தங்கப்பழத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் முச்சந்தியில் போர்டு. 'தூரத்தை ஒழிப்போம்.' கீழே கூலிங்கிளாசோடு மூன்று மூஞ்சி. ஆட்டோவில் மைக்: "தாய்மார்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது தூரம் என்றால் மன்றத்தில் சொல்லுங்கள். டேப் கொண்டுவந்து இலவசமாக அளந்து தருவோம்."

தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்களுக்கு முந்தானை போதவில்லை, வாய் பொத்த.

தலைவர் சம்சாரம் கனகபாய் வந்து மைக்கைப் பிடுங்கினாள். "மானத்த வாங்காதிய. பரீட்சையன்னைக்கு அந்தப் பிள்ளை பள்ளிக்கூட கேட்டுக்குள்ள நுழையணும். அதுக்கு வழி பண்ணுங்க, போதும்."

பண்ணினார்கள். திங்கட்கிழமை காலையிலேயே பள்ளிக்கூட கேட்டைக் கழற்றிக் கொண்டுவந்து, பவுன்கனி வீட்டு வாசலில் நட்டுவிட்டார்கள்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த பிள்ளை அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் போனாள். மன்றம் கைதட்டியது.

இவர்களை நம்பாத கனகபாய் கொல்லைப்பக்கமாகப் போய் ஒரு நாப்கின் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டாள். பவுன்கனி பரீட்சை அட்டையோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"எங்க போற? பரீட்சை நேரத்துல கேட்டைத் தாண்டப்பிடாது. உள்ள போ தாயி," என்று மறித்தார் பொன்னுதுரை.

அவள் திரும்பி, கொல்லைப்பக்கமாகவே ஓடி, தெருவைச் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள்.

வாசலில் மூவரும் காவல்.

"சத்தமே இல்ல. பிள்ளை நல்லா எழுதுது," என்றார் தங்கப்பழம்.

அருமைநாயகம் எதிரே பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "மத்த பிள்ளைய பூரா கேட்டே இல்லாத இடத்துல போய் உக்காந்திருக்கு. அதுக கதி?"

"பெயிலுதான்," என்றார் தலைவர்.

வருகிற ஞாயிறு ஜெபக்கூட்டத்துக்கு வரும்போது நீங்களும் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க, ஸ்டெல்லா டீச்சருக்கு அனுப்பணும். பேப்பர்ல சுத்த வேண்டாம்.