அத்தி இலை உடுத்திய காடு

ஒரு காட்டில், அது ஊரைத் தொட்டு முடிகிற இடத்தில், ஓட்டுக்கூரை போட்ட சின்னத் தேவாலயம் ஒன்று இருந்தது. காட்டின் நடுவே ஓடைக்கரையில் பெரிய அத்திமரம் ஒன்று நின்றது. உச்சிவெயிலில் விலங்குகள் எல்லாம் அதன் நிழலில்தான் படுத்துக் கிடக்கும். உதிர்கிற பழத்தைப் பொறுக்கித் தின்னும். அங்கே மட்டும் யாரும் யாரையும் அடிப்பதில்லை.

அந்தக் கூட்டத்தில் கொடியாள் என்றொரு வெள்ளாடு இருந்தாள். மனதில் பட்டதைக் கேட்பாள், வாயில் பட்டதைத் தின்பாள். அவ்வளவுதான் அவள் குணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதமுத்து என்ற கிளி தேவாலயத்துச் சன்னலிலிருந்து பறந்து வந்தது. பிரசங்கம் கேட்பதில் அதற்குக் கொள்ளை ஆசை. முழுவதும் கேட்கத்தான் பொறுமை கிடையாது. அன்றும் பாதியிலேயே தோட்டத்துக் கொய்யா மணம் அதை வெளியே இழுத்துவிட்டது.

"சேதி கேட்டீர்களா? ஆதியிலே ஏதேன் தோட்டத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தார்களாம். தின்னக்கூடாத கனியைத் தின்றார்களாம். உடனே தாங்கள் நிர்வாணமாக இருப்பது தெரிந்துபோயிற்றாம்! அத்தி இலையைத் தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்களாம். ஆகவே, அத்தி இலை உடுத்தாதவர் பாவி!"

கடைசி வாக்கியம் வேதத்தில் இல்லை. அது வேதமுத்துவின் சொந்தச் சரக்கு.

கரடி குனிந்து தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டது. "ஐயையோ! இத்தனை காலமும் இப்படியேவா திரிந்தேன்?" என்று கைகளால் வயிற்றை மூடிக்கொண்டது. மான் ஓடிப்போய்ப் பாறைக்குப் பின்னால் நின்றது.

நரி மெல்ல எழுந்தது. "பதறாதீர்கள். முள்ளம்பன்றியார் முள் தரட்டும், நான் இலை தைத்துத் தருகிறேன். கூலி வேண்டாம். உதிர்கிற பழத்தை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள். உடுத்தியவர்கள் குனிந்து பொறுக்கினால் உடை கிழிந்துவிடும், பாருங்கள்."

"என்ன பெருந்தன்மை!" என்றது முள்ளம்பன்றி.

"நேற்றுவரை கரடி அண்ணனை யாரும் தப்பாகப் பார்க்கவில்லையே?" என்று கேட்டாள் கொடியாள்.

"நீ பேசாதே! எந்நேரமும் வாலைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் நீ!" என்று சீறியது கரடி.

கொடியாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதுவரை தன் வாலைப் பற்றி அவள் நினைத்ததே இல்லை. அன்று அதைக் கஷ்டப்பட்டுக் கீழே அழுத்தி வைத்துக்கொண்டாள். அவளுக்கும் நரி ஒரு பாவாடை தைத்துக் கொடுத்தது. அத்தி இலை பச்சைப் பசேலென்று மணத்தது. பாவம், அவள் என்ன செய்வாள்? பொழுது சாய்வதற்குள் தன் பாவாடையைத் தின்றுவிட்டாள். பக்கத்தில் தூங்கிய கரடியின் வேட்டியிலும் பாதியைத் தின்றுவிட்டாள்.

"பாவி! பாவி!" என்று காடே கூச்சலிட்டு அவளைத் துரத்தியது.

வெட்டிய இலை வெயிலில் வாடும். வாடினால் புது இலை வேண்டும். நாளுக்கு நாள் மரம் மொட்டையாகிக்கொண்டே வந்தது. நிழலில் ஓட்டை விழுந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. யார் உடையில் இலை அதிகம் என்பதே பேச்சாக இருந்தது. உடுத்தியவர்கள் புழுங்கினார்கள், பட்டினி கிடந்தார்கள். நரி மட்டும் பளபளவென்று கொழுத்தது.

கொடியாள் தேவாலயச் சுவரோரம் தனியே மேய்ந்துகொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறும் வந்தது. உள்ளே உபதேசியார் போன வாரம் விட்ட இடத்திலிருந்து பிரசங்கத்தைத் தொடங்கினார். "அந்த இலை எத்தனை நேரம் தாங்கும்? ஆண்டவர் அவர்கள்மேல் இரங்கினார். தோலினால் உடை செய்து அவரே உடுத்திவிட்டார்."

அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "இலை வேண்டாமாம்! ஆண்டவர் கொடுத்தது தோல் உடையாம்! மரத்தை விடுங்கள்!"

நரி ஒரு கணம் திகைத்தது. பிறகு நாக்கைச் சப்புக்கொட்டியது. "அடடா, நல்ல செய்தி! அப்படியானால் இனி எல்லோருக்கும் தோல் உடை. முதல் தோல் யாருடையது? சேதி கொண்டுவந்த புண்ணியவதியே தரட்டும். எனக்குக் கறி போதும்."

"அவளுக்கும் பாவம் தீரும்" என்றது கரடி.

"பெருமைதானே!" என்றது பாறைக்குப் பின்னால் இருந்த மான்.

அந்தச் சாதுவான முகங்கள் எல்லாம் தலையாட்டுவதைக் கொடியாள் பார்த்தாள். ஓடலாமா என்று நினைத்தாள். சுற்றிலும் இலை உடைகள் சரசரத்து நெருங்கின.

"தருகிறேன்" என்றாள். "ஆனால் இல்லாதவருக்குத்தானே உடை தர வேண்டும்? இங்கே யாருக்குத் தோல் இல்லையோ, அவர் முன்னே வரட்டும்."

யாரும் வரவில்லை. கரடி தன் கையைக் கிள்ளிப் பார்த்தது. வலித்தது. மான் தன் புள்ளிகளை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"பிறக்கும்போதே... உடுத்தித்தான்..." என்று இழுத்தது முள்ளம்பன்றி.

"இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்று தொடங்கிய நரி, எல்லோரும் தன் பக்கம் திரும்பியதைக் கண்டு, வாக்கியத்தை முடிக்காமல் ஓடைக்கு அப்பால் பாய்ந்து மறைந்தது.

இலைகளைக் கழற்றி எறிந்தார்கள். நிழலில் படுக்கலாம் என்று திரும்பினார்கள். அங்கே மரம் ஒரு கழிபோல் நின்றது. காய்கள் கருகித் தொங்கின. அந்தக் கோடை முழுவதும், அவரவர் தோலை உடுத்தி, அவரவர் வெயிலில் கிடந்தார்கள்.

நீதி: பாதி கேட்ட வேதத்துக்கு முழுப் பக்தி காட்டாதே, நிழல் தரும் மரத்தையே மொட்டையடித்துவிடுவாய்.