பார்க்காத பிறையும் பரிமாறாத விருந்தும்

முன்னொரு காலத்திலே பனங்காட்டு நாட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், வாய்க்குத்தான் பூட்டு கிடையாது. ராணியின் காய்ச்சல் இறங்கிய சந்தோஷத்தில், "புதுப்பிறையைக் கண்ட பிறகே சாப்பிடுவேன். என் சபையும் அப்படியே!" என்று அமாவாசையன்று சாமி முன்னால் சத்தியம் செய்துவிட்டார். யாராவது ஒருவர் கண்டு சாட்சி சொன்னால் போதும் என்றார் புரோகிதர். ஆனால் மறுநாள் பிறையை மேகம் விழுங்கிவிட்டது. சபையே பட்டினி.

அடுத்த நாள் அந்தியில் எல்லோரும் அரண்மனை மொட்டைமாடிக்கு ஏறினார்கள். சீமை வியாபாரி ஒருவன் காணிக்கையாகத் தந்த தொலைநோக்கி அங்கே நின்றது. மந்திரி மருதவாணர் அதில் கண்ணை வைத்தார். மேற்கே இன்னும் மேகம்; குழலில் வெறும் வானம்தான் தெரிந்தது.

"ஓய் மந்திரி, தெரிகிறதா இல்லையா?" என்றார் ராஜா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"இன்னும் இல்லை, மன்னா."

"உம்மால் முடியாவிட்டால் மந்திரி மோதிரத்தைக் கழற்றும். யார் பிறையைக் காண்கிறாரோ அவர்தான் இனி மந்திரி!"

மருதவாணர் மோதிரத்தைத் தடவிப் பார்த்தார். கண்டதாக ஒரு வார்த்தை சொன்னால் பதவியும் தப்பும், சோறும் கிடைக்கும். ஆனால் சாமிக்குச் செய்த சத்தியத்தில் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அந்தப் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த படைத்தலைவர் சேனைநாதர் சும்மா இருப்பாரா? குழலில் குனிந்தார். குனிந்ததும் துள்ளினார்.

"கண்டேன் மன்னா! பிறையைக் கண்டேன்!"

"இலை போடுங்கள்!" என்று ராஜா கூவிவிட்டார். கீழே சமையற்கட்டில் பாத்திரங்கள் உருண்டன.

மருதவாணர் மெல்லச் சிரித்தார். "பெரும் பாக்கியம், சேனைநாதரே. எப்படி இருந்தது?"

"எப்படி என்றால்? சிவபெருமான் சடையில் இருப்பது போலவே! இரண்டு கொம்பும் வானத்தைப் பார்த்தபடி!"

"குழலுக்குள் அப்படியேவா தெரிந்தது?"

"என் கண்மேல் ஆணை!"

"மன்னா, தயவுசெய்து இந்தக் குழலால் அந்தப் பனைமரங்களைப் பாருங்கள்" என்றார் மந்திரி.

ராஜா பார்த்தார், அலறினார். "அடேயப்பா! பனையெல்லாம் தலைகீழாகத் தொங்குகிறதே!"

"இந்தக் குழலின் குணமே அதுதான். காலையிலேயே பார்த்துப் பழகினேன். மரமானாலும் நிலாவானாலும் கவிழ்த்துத்தான் காட்டும். பிறை தெரிந்திருந்தால் கொம்புகள் தரையைப் பார்த்திருக்கும். வெறும் வானத்துக்கு ஏது தலை, ஏது கால்? அதனால்தான் குழல் கவிழ்த்துக் காட்டும் என்பது இவருக்குத் தெரியவில்லை."

சேனைநாதர் முகத்தில் ஈயாடவில்லை. "பசி மன்னா..." என்று முணுமுணுத்தார்.

"என் சத்தியத்தையே கெடுக்கப் பார்த்தீரே!" என்றார் ராஜா. அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

அதற்குள் பனந்தோப்புக்கு மேலே மேகம் விலகியது. மருதவாணர் குழலை அந்தப் பக்கம் திருப்பி ராஜாவைப் பார்க்கச் சொன்னார். கவிழ்த்துப் போட்ட நகத்துண்டு போலப் பிறை தெரிந்தது. ராஜா குழலை விட்டு நிமிர்ந்து, வெறுங்கண்ணாலும் அதைத் தேடிக் கண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மோதிரம் உம் விரலிலேயே இருக்கட்டும், மந்திரி. இன்று என் பக்கத்து இலை உமக்கு."

பந்தி நடந்தது. சேனைநாதருக்கும் பெரிய தலைவாழை இலை போட்டார்கள். சாம்பார் வாளி வந்தது, அவர் இலையைத் தாண்டிப் போயிற்று. சோறு போயிற்று, வடை போயிற்று, பாயசமும் போயிற்று.

"மன்னா, என் இலை..." என்று இழுத்தார் சேனைநாதர்.

ராஜா அப்பளத்தை நொறுக்கியபடி சொன்னார்: "இல்லாத பிறையைக் கண்டவருக்கு இல்லாத சோற்றை உண்ணத் தெரியாதா? கூச்சப்படாமல் சாப்பிடும்!"