ஏரிக்குள் ஒரு வெள்ளைத் திட்டு

நிலவரைபடத் துறை இயக்குநர் வேதமாணிக்கம் தொண்டையைச் செருமினால் மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும். அப்பேர்ப்பட்டவருக்கே ஒரு சிக்கல். துறையின் இணையப் பட்டியலில் எந்த ஏரியின் பெயரைத் தொட்டாலும் அதன் வரைபடம் விரிய வேண்டுமாம், மேலிடத்து உத்தரவு. அவர் பங்களா நின்றதோ செவ்வந்தி ஏரிக்குள்!

ஒப்பந்த ஊழியர் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, ஏரி முழுசாத் தெரியணும். என் வீடு மட்டும் யார் கண்ணுலயும் படக்கூடாது. பட்டுச்சு, உனக்கு வேலை கிடையாது!"

"படவே படாது சார்."

திறப்பு விழாவில் செயலாளர் அம்மையார் பெரிய திரையில் செவ்வந்தி ஏரியைத் தொட்டார். நீலத்துக்கு நடுவே ஒரு வெள்ளைத் திட்டு. பெரிதாக்கினார். போர்ட்டிகோ, கார் ஷெட், சுற்றுச்சுவர் என்று அச்சு அசலாக ஒரு வீட்டின் வடிவம், வெள்ளை வெளேரென்று. அதைத் தொட்டதும் எழுத்து வந்தது: 'இயக்குநர் உத்தரவுப்படி இங்கே எதுவும் இல்லை.'

அரங்கமே குலுங்கியது. முன்வரிசையில் இயக்குநரின் மனைவி கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டார். வேதமாணிக்கத்துக்குக் காதுமடல் வரை சுட்டது.

"ஏங்க இயக்குநரே, இந்த 'எதுவும் இல்லை'க்கு எத்தனை மாடி?" என்று கேட்டார் செயலாளர்.

"ரெண்டு, மேடம்" என்றது அவர் வாய், அவரைக் கேட்காமலே.