புகை வந்த வீடு

அரிசி தீர்ந்துவிட்டால் ரேஷன் கடைக்காரர் இரும்புப் படியைக் கவிழ்த்து மேசையில் 'ணங்' என்று வைப்பார். அறுபது வருடமாகியும் அந்த ஓசை என் காதை விட்டுப் போகவில்லை. அந்த வரிசையில் நின்றுதான் இந்தக் கதையைக் கேட்டேன்.

செம்பாறை நாட்டில் மூன்று வருடம் மழை இல்லை. "அடுப்பெரியாத வீட்டுக்குத் தினமும் ஆளுக்கு ஒரு படி கேழ்வரகு" என்று ராஜா வீரகண்டன் உத்தரவு போட்டார். களஞ்சிய அதிகாரி சிங்கராயர் உத்தரவை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறவர். கோட்டைக் கோபுரத்தில் ஓர் ஆளை ஏற்றினார். எந்தக் கூரையில் புகை தெரிகிறதோ, அந்த வீட்டின் பெயரை அடித்துவிடுவார்கள்.

பானை வனையும் கொளஞ்சி, தனக்கும் இரண்டு மகள்களுக்குமாக மூன்று படி வாங்கிப் போனாள். கூழ் காய்ச்சினாள். புகை வந்தது. பெயர் போயிற்று.

"பச்சையாவா சாமி திங்கிறது?"

"அடுப்பு எரியுற வீட்டுக்கு எதுக்கம்மா தானியம்?" என்றார் சிங்கராயர்.

நான்கு நாள் வந்து வந்து திரும்பினாள். ஐந்தாம் நாள், அரண்மனையில் பேச்சுச் சாமர்த்தியத்துக்குப் பேர்போன மருதையனிடம் போனாள்.

"சின்னவ எழுந்து உக்கார மாட்டேங்குறா, ஐயா."

மறுநாள் மதியம் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். இலை வெறுமையாக இருந்தது.

"சாப்பாடு எங்கே?"

"சமையற்கட்டைப் பூட்டிவிட்டேன், மகாராஜா," என்றான் மருதையன். "நமக்கும் அதே களஞ்சியம்தானே? காலையில் இங்கே புகை வந்தது. கோபுரத்துக்காரன் பார்த்துவிட்டான்."

"புகை வராமல் எப்படியடா சமைப்பது?"

"ஊரும் அதைத்தான் யோசிக்கிறது, மகாராஜா."

பக்கத்தில் நின்ற சிங்கராயர் பதறினார். "புகையைப் பார்க்காவிட்டால் வசதியானவனெல்லாம் வந்து நிற்பான். பசித்தவன் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

"வரிசை உச்சி வெயிலில் நிற்கிறது. ஒரு படி கேழ்வரகுக்காக நீங்கள் போய் நிற்பீர்களா, ஐயா?"

"நானா? எனக்கென்ன தலையெழுத்து!"

"கண்டுபிடித்தாயிற்று, மகாராஜா."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கோபுரத்து ஆளை இறக்கினார். வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் படி என்றார். மருதையனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது.

மறுநாள் கொளஞ்சி வந்தாள். மூன்று படி அளந்து போட்டார்கள். ஒரு படியைத் திருப்பிக் கொட்டினாள்.

சின்ன மகள் முந்தின நாள் காலையில் இறந்துபோயிருந்தாள்.